எங்கள் வீட்டு மாடிக் குடித்தனம்

கிளீவ்லாந்து
11 மே 1970

அன்புள்ள லெம்,

உன் கப்பல் இந்நேரம் எந்த ஏரியில் இரும்புத்தாது சுமந்துகொண்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. டெட்ராய்ட் ஆற்றுத் தபால் படகுக்கு எழுதிப் போட்டால், நீங்கள் அந்த ஆற்றைக் கடக்கும்போது கயிற்றில் இறக்கிய வாளியில் போட்டு மேலே அனுப்பிவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். பதினொரு வருஷமாகத் தபால் ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். ஆனாலும் என் புருஷனுக்கு வாளியில் கடிதம் போகிறது என்று நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

நான் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். லார்ச்வுட் தெருவில் கீழும் மாடியுமாக இரண்டு குடித்தனம் இருக்கிற வீடு. முன்பக்கம் அகலமான தாழ்வாரம். பின்னால் ஒரு பேரி மரம். நாம் கீழே இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டால் வங்கிக் கடன் பாதி அதிலேயே அடைந்துவிடும். நம் நாடீனுக்கு ஒன்பது வயதாகிறது, இன்னும் சமையலறைக் கட்டிலில்தான் படுக்கிறாள். இங்கே கூரை ஒழுகுவதை வீட்டுக்காரனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நேற்று சர்ச் முடிந்ததும் நேரே அங்கே போனேன். நீலத் தொப்பி, வெள்ளைக் கையுறை, நல்ல செருப்பு. வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. மணியை அடித்தேன். மாடியில் குடியிருக்கிற வெள்ளைக்காரப் பெண் இறங்கி வந்து கதவைக் கையகலம் மட்டும் திறந்தாள்.

"வித்தாச்சு."

"பலகை நிக்குதே?"

"எடுக்க மறந்துட்டாங்க. வித்தாச்சு."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை, லெம். என் கையுறையைப் பார்த்துச் சொன்னாள். தரகர் கிராண்டனுக்குப் போன் செய்தேன். அவரும் அதையே சொன்னார், தேன் ஒழுகுகிற குரலில்.

எனக்குப் பொறுக்கவில்லை. நம்மைப் போன்ற கறுப்பர்களுக்கு நிறத்தைக் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்று இந்த நாட்டில் இரண்டு வருஷமாக ஒரு சட்டம் இருக்கிறது. நூலகத்தின் பின்னறையில் வீட்டு நியாயத்துக்காக ஒரு குழு கூடுகிறது அல்லவா, அங்கே போய்ச் சொல்லிவிட்டேன். பெல் என்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வருகிற சனிக்கிழமை வீடு வாங்க வந்தவர்கள் போல அங்கே போவார்கள். நான் கேட்ட கேள்விகளையே கேட்பார்கள். என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். பட்டுக்கொள்.

வெர்டெல்

---

கப்பலிலிருந்து, சுப்பீரியர் ஏரி
22 மே

அன்புள்ள வெர்டெல்,

வாளி வந்தது. உன் கடிதத்தின் மூலை நனைந்திருந்தது. இருபத்தெட்டுப் பேருக்குப் பன்றி விலாவும் அவரைப் பருப்பும் வேகவைத்துக்கொண்டே படித்தேன்.

கோபம்தான். உன்மேல் இல்லை, ஆனால் கோபம்தான். வேண்டாம் என்கிறவன் வாசலில் என் மனைவி கையுறை போட்டுக்கொண்டு எதற்காக நிற்க வேண்டும்? கிளீவ்லாந்தில் நம்ம ஆட்கள் தெருக்களே இல்லையா? அங்கேயும் பேரி மரம் காய்க்கும். நான் ஒருவனிடமும் கெஞ்சி எதையும் வாங்கியதில்லை. இந்தக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, மேட் ராஸ்முசன், இன்னும் என்னை "டேய் பையா" என்றுதான் கூப்பிடுகிறான். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. "சமையல்காரரே" என்று கூப்பிடும்வரை அவனுக்குக் காப்பி கிடையாது. எனக்குத் தெரிந்த மானம் அதுதான்.

அந்தப் பெல் தம்பதி என்ன, நாடகக் கம்பெனியா? நம் வீட்டுக் கதவு திறக்குமா என்று வெள்ளைக்காரனை அனுப்பிப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாடீனுக்கு முத்தம். கூரைக்கு அடியில் பெரிய வாளியை வை, சின்னது நிரம்பிவிடும்.

லெம்

---

கிளீவ்லாந்து
3 ஜூன்

அன்புள்ள சமையல்காரரே,

பார், மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டேன். இப்போது கேள்.

பெல் தம்பதி போனார்கள். அதே பெண் இறங்கி வந்து கதவை முழுசாகத் திறந்தாளாம். "வாங்க, வீடு இன்னும் விக்கல, தரகர் வந்துடுவார்" என்றாளாம். கிராண்டன் பத்தே நிமிஷத்தில் வந்து, நிலவறையில் வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன் முதல் பரண் வரை காட்டியிருக்கிறார். "அக்கம்பக்கம் ரொம்ப நல்ல ஜனங்க, கவலையே படாதீங்க" என்று வேறு சொன்னாராம்.

இதில் ஒரு கூத்து. குழுவில் பெல்லிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: அந்தம்மா கேட்டதை மட்டும் கேளுங்கள், கூடுதலாக ஒன்றும் வேண்டாம் என்று. ஆனால் அந்த மனிதர் பல் வைத்தியர். பேரம் பேசாமல் ஒரு கதவுப்பிடி கூட வாங்கியதில்லை போலிருக்கிறது. கொதிகலனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "இவ்வளவு பழைய கொதிகலனுக்கா இந்த விலை?" என்று ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் நல்ல தொகையாகக் குறைத்துவிட்டார். கிராண்டன் குறைத்த விலையை அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். குழுத்தலைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் பெல்லைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

இனி என்ன என்று குழு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, பெல் தன் பெயரில் வாங்கி, அடுத்த வாரமே நம் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது. சத்தமில்லாமல் முடிந்துவிடும், பல பேர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். இன்னொன்று, மாநிலக் குடிமை உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்து, என் பெயரிலேயே கேட்பது. அதற்கு மாதங்கள் ஆகும், கோடைகாலம் முழுக்க அலைச்சல்தான்.

நான் புகார் கொடுத்துவிட்டேன். வெர்டெல் டார்ப்ளி என்று பெரிய எழுத்தில்.

உன் மானம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. என் மானம் அப்படி இல்லை. நான் மணி அடித்த கதவு எனக்குத் திறக்க வேண்டும்.

வெர்டெல்

---

ஹியூரன் ஏரி
16 ஜூன்

வெர்டெல்,

பெல்லையே வாங்கச் சொல். தயவுசெய்து.

யார் பெயரில் முதலில் வாங்கினால் என்ன? கடைசியில் சாவி நம் கையில்தானே? உன்னைத் தடுக்க நினைக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், பயமாக இருக்கிறது. போன வருஷம் என் தங்கை புருஷன் புதுவீட்டுக்குப் போன வாரமே ஜன்னல் வழியாகச் செங்கல் வந்து விழுந்தது. அவன் வீட்டில் இருந்தான். நான் இருக்க மாட்டேன். டிசம்பரில் ஏரி உறையும்வரை நான் இந்த அடுப்படியில். நீயும் குழந்தையும் அங்கே. உன் பெயரைப் புகாரில் பெரிய எழுத்தில் எழுதினால், அந்தத் தெருவுக்கே அது தெரியும்.

நேற்று ரொட்டியில் உப்புப் போட மறந்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை.

லெம்

---

லார்ச்வுட் தெரு
கிளீவ்லாந்து
24 ஆகஸ்ட்

அன்புள்ள லெம்,

மேலே முகவரியைப் பார்த்தாயா? இன்னொரு தடவை பார்.

இரண்டு மாதமாக உனக்கு அரைப்பக்கம் அரைப்பக்கமாகத்தான் எழுதினேன். அலைச்சல். ஆணையம், வக்கீல், வங்கி, மறுபடி ஆணையம். கிராண்டன் ஒரு நாள் ஆள் வரவில்லை என்றார், ஒரு நாள் கோப்பு காணவில்லை என்றார். கடைசியில் பெல் கையில் இருந்த அந்த அட்டையை எங்கள் வக்கீல் மேஜைமேல் வைத்தார். வீட்டுச் சொந்தக்காரர் புளோரிடாவில் இருக்கிறார். வம்பு வேண்டாம், விற்றுத் தொலையுங்கள் என்று அங்கிருந்து தந்தி அடித்துவிட்டார். பல் வைத்தியர் பேசிய விலைக்கே! கொதிகலன் நிஜமாகவே பழசுதான், அது வேறு விஷயம்.

கிராண்டன் சாவியை மேஜையில் வைத்து என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.

"கையில குடுங்க, மிஸ்டர் கிராண்டன்."

வக்கீல் இருமினார். கிராண்டன் எழுந்து கொண்டுவந்து கையில் கொடுத்தார். அந்தக் கையை நான் அன்றைக்கு முழுக்கக் கழுவவில்லை, சிரிக்காதே.

வீடு நம்முடையது. ஆனால் புகார் இன்னும் முடியவில்லை. கிராண்டனின் தரகர் உரிமம் பற்றி அக்டோபர் கடைசியில் விசாரணை. எனக்குச் செய்ததை இன்னொருத்திக்கும் அவர் செய்யக்கூடாது.

செங்கல் எதுவும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டம்மா ஒரு கேக் கொண்டுவந்தாள், கொஞ்சம் வறட்டுக் கேக். நாடீனுக்குத் தனி அறை. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி என் உயிரை வாங்குகிறாள்.

இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டியது. மாடியில் இருப்பவள் அதே பெண்தான். மார்கிட் ஹலாஸ், ஹங்கேரிக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. மூன்று பையன்கள், படியில் யானை ஏறுகிற சத்தம். நாங்கள் வந்த அன்றே சாமான்களைப் பெட்டியில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் மேலே போனேன்.

"எங்க போறீங்க?"

"தெரியல. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே கட்டிடலாம்னு."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் பெட்டிக் கயிற்றை இறுக்கி முடிந்தாள். பிறகு, "வித்தாச்சுன்னு சொல்லலைனா என்னைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்னு தரகர் சொன்னார். மூணு பையனோட, புருஷன் இல்லாதவளுக்கு எவனும் வீடு தரமாட்டான். அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்லல" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன் என்று நினைக்காதே. எனக்கு அவள்மேல் இன்னும் எரிச்சல்தான். ஆனால் சொன்னேன்: "வாடகை மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள. பழைய வாடகையேதான். படியில பசங்க செருப்புப் போட்டு ஓடக்கூடாது. ஏதாவது ரிப்பேர்னா என்கிட்ட சொல்லுங்க, நான் உடனே பாப்பேன். பெட்டியைப் பிரிங்க."

ஒழுகுகிற கூரைக்காக வருஷக்கணக்கில் கெஞ்சியவள் நான். வீட்டுக்காரி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

உன் வெர்டெல்

---

எரி ஏரி
6 செப்டம்பர்

வெர்டெல்,

முகவரியை எட்டுத் தடவை பார்த்தேன். கொதிகலன் அறைக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினேன். உன்னைக் கட்டிய எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் அவளை அனுப்பிவிடு.

என் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் கையுறையைப் பார்த்துப் பொய் சொன்னவள் என் தலைக்கு மேலே நடப்பாள், நான் கீழே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? வாழ்நாள் முழுக்க அவர்கள் சொன்ன இடத்தில் இருந்திருக்கிறேன். ஒரே ஒரு வீட்டிலாவது யார் இருக்கலாம், யார் கூடாது என்று நான் சொல்லக்கூடாதா?

சட்டமும் நம் பக்கம்தான். கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் பேப்பர் படிக்கிறவர், அவரிடம் கேட்டேன். சொந்தக்காரன் அதே வீட்டில் குடியிருந்தால், அது நாலு குடித்தனத்துக்கு மேற்படாத சின்ன வீடாக இருந்தால், யாரை வைத்துக்கொள்வது என்பது அவன் இஷ்டமாம். வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட ஓட்டை. இப்போது நானும் அதில் நுழைந்து போகிறேன்.

உனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

லெம்

---

லார்ச்வுட் தெரு
27 செப்டம்பர்

லெமுவல்,

சொல்லிக்கொண்டாய். மார்கிட் ஹலாஸ் நேற்று உன் கடிதத்தோடு என் கதவைத் தட்டினாள்.

"மாத முடிவுக்குள் மாடியைக் காலி செய்யவும். என் வீட்டில் வெள்ளைக்காரர்கள் இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. எல். டார்ப்ளி, உரிமையாளர்." அழகான கையெழுத்து. உன் அம்மா சொல்லிக்கொடுத்த கையெழுத்து.

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்.

"மிஸஸ் டார்ப்ளி, நீங்க ஒண்ணு சொன்னீங்க, உங்க வீட்டுக்காரர் ஒண்ணு எழுதியிருக்கார். இதுல எது நெசம்? அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். போன வாரம் கிராண்டன் அவளைத் தேடி வந்திருக்கிறார். புதிய வீட்டுக்காரர்கள் ஏதாவது தொல்லை கொடுக்கிறார்களா, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, விசாரணையில் காட்டினால் நல்ல வீடாகப் பார்த்துத் தருகிறேன் என்றாராம். அப்போது உன் கடிதம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. கிராண்டன் ஆயிரம் பேரை அனுப்பித் தேடியிருந்தாலும் இது போல ஒன்று கிடைத்திருக்காது. நீ உன் கையாலேயே எழுதி, தபால்தலையும் ஒட்டி அனுப்பிவைத்தாய்.

"இதை அவர்கிட்ட குடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்திருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

வக்கீலிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நீ சொன்ன அந்த ஓட்டை இருக்கிறதாம். ஆனால் மனதுக்குள் வைத்துக்கொள்ளும்வரைதானாம். இன்ன நிறத்தார் வேண்டாம் என்று எழுத்தில் போட்டுவிட்டால், வீடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது குற்றம்தானாம். கிராண்டனுக்கு அது தெரியும். அதனால்தான் அவர் எனக்கு ஒரு வரி கூட எழுதாமல் தேன் குரலில் பேசினார். வெள்ளைக்காரத் தரகர் எழுதத் துணியாததை என் புருஷன் எழுதியிருக்கிறான்!

சட்டத்தை விடு. சட்டமே இல்லை என்று வைத்துக்கொள். இந்த வீட்டை வாங்க நான் ஒரு கோடைகாலம் முழுக்க நாய்படாத பாடு பட்டேன். எதற்காக? வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்து, அவன் சொன்னதையே நாம் சொல்வதற்கா? அவளுக்குப் பொய்க்காகக் கணக்குத் தீர்க்க வேண்டுமென்றால் நேரில் வந்து முகத்தைப் பார்த்துத் திட்டு. நானும் கூட நின்று திட்டுகிறேன். ஆனால் நிறத்துக்காக ஒருத்தியை என் வீட்டிலிருந்து அனுப்ப மாட்டேன். இது உன் வீடு மட்டும் இல்லை, பத்திரத்தில் என் பெயர் முதலில் இருக்கிறது.

அவளுக்கு உன் கையாலேயே மறுப்பு எழுது. "மிஸஸ் ஹலாஸ்" என்று ஆரம்பி.

வெர்டெல்

---

டெட்ராய்ட் ஆறு
8 அக்டோபர்

வெர்டெல்,

வாளியில் உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அடுப்பில் அவரைப் பருப்பு கருகிவிட்டது.

லெம்

---

லார்ச்வுட் தெரு
16 அக்டோபர்

லெம்,

விசாரணை 28ஆம் தேதி. நீ எழுதுவாயோ மாட்டாயோ, காத்திருக்க எனக்கு நேரமில்லை. நான் செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாது என்று சொல்லாதே.

மார்கிட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிராண்டனின் வக்கீல் அவளிடம் கட்டாயம் கேட்பார்: புதிய வீட்டுக்காரர்கள் உங்களைக் காலி செய்யச் சொன்னார்களா என்று. அவள் நேற்று பின்வாசலில் துணி உலர்த்திக்கொண்டே, "நீங்க சொல்லுங்க, நான் என்ன சொல்லணும்? இல்லைன்னு சொல்லணும்னா சொல்லிடறேன். கடிதத்தை அடுப்புல போட்டுடலாம்" என்றாள்.

மூன்று பையன்களின் சட்டைகளும் கொடியில் தொங்குகின்றன, வாயில் துணிக்கவ்வியோடு நின்று கேட்கிறாள். ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, லெம். உன் கடிதம் வெளியே வந்தால் ஆணையம் நம் வீட்டைப் பிடுங்கிக்கொள்ளாது. ஆனால் கிராண்டன் தப்பிவிடுவார், பேப்பரில் நம் பெயர் நாறும். இந்தத் தொல்லை எல்லாம் ஒரு தீக்குச்சியில் முடிந்துவிடும்.

ஆனால் பழைய வீட்டுக்காரரின் தரகர் அவளைப் பொய் சொல்ல வைத்தார். புது வீட்டுக்காரி நான் வைக்க மாட்டேன். "என்ன கேக்கறாங்களோ அதுக்கு நெசத்தைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே எடுத்துக் கொடுக்கப்போகிறேன்.

எனக்கும் பயம்தான். ஆனாலும் கொடுப்பேன்.

வெர்டெல்

---

சுப்பீரியர் ஏரி
21 அக்டோபர்

அன்புள்ள வெர்டெல்,

இதோடு இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று மிஸஸ் ஹலாஸுக்கு. இன்னொன்று நான் எழுதியது தப்பென்று ஆணையத்துக்கு, அதை என் முதல் கடிதத்தோடு சேர்த்துக் கொடு. டுலூத் துறைமுகத்தில் ஒரு கடைக்காரரிடம் அவசரத் தபாலில் அனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். பார், கெஞ்சவும் கற்றுக்கொண்டேன்.

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று கேட்பாய். நான் செய்தது தப்பென்று உன் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்வது ஒன்று, உன்னிடம் ஒத்துக்கொள்வது வேறு. எனக்கு அந்தக் கடிதம் எழுதியபோது என்ன சுகமாக இருந்தது தெரியுமா? "உரிமையாளர்" என்று கையெழுத்துப் போட்டபோது மார்பு விம்மியது. அந்தச் சொல்லை வாழ்க்கையில் முதல் தடவை எழுதினேன். அதைக் கொண்டுபோய் ஒருத்தியைத் துரத்தவா செலவழித்தேன் என்று இப்போது கசக்கிறது.

நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் இருந்தார்கள். மேட் ராஸ்முசன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்துப் பேர் கேட்கும்படி ஆரம்பித்தான்.

"டார்ப்ளி, நீ வீடு வாங்கியிருக்கியாம். மாடில வெள்ளைக்காரங்க குடியிருக்காங்களாமே? அவங்களை என்ன பண்ணப் போறே?"

என்ன பதில் எதிர்பார்த்தான் என்று தெரியும். துரத்திவிட்டேன் என்று சொன்னால் அவனுக்குச் சந்தோஷம், இவனும் நம்மைப் போலத்தான் என்று தலையாட்டியிருப்பான். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. வாடகை குடுக்கறாங்க, இருக்காங்க. எங்க வீட்டுல நாங்க ஆள் நிறம் பாத்து இடம் குடுக்கறதில்ல, மிஸ்டர் ராஸ்முசன். என் பெண்டாட்டி அப்படி ஒரு வீடு நடத்தலை."

வெர்டெல், நான் அவ்வளவு உயரமாக ஒருநாளும் நின்றதில்லை. அவன் தட்டை என் பக்கம் நீட்டினான். பிறகு, "கொஞ்சம் குழம்பு ஊத்துங்க, சமையல்காரரே" என்றான். ஊற்றினேன்.

கடிதத்தை ஆணையத்தில் கொடு. எழுதியவன் நான், பேர் நாறினால் என் பேர் நாறட்டும். உன் பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

உன் லெம்

---

லார்ச்வுட் தெரு
9 நவம்பர்

என் லெம்,

உன் உறைகள் விசாரணைக்கு முந்தின நாள் வந்தன. மார்கிட் அவளுடையதை என் எதிரில் பிரிக்கவில்லை, மாடிக்கு எடுத்துப் போனாள். என்ன எழுதினாய் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை பெரிய பையன் ஒரு தட்டில் பாப்பி விதைச் சுருள் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினான், செருப்புப் போட்டுக்கொண்டுதான்.

நீலத் தொப்பி போட்டுக்கொண்டு போனேன். பெல் தம்பதி சாட்சி சொன்னார்கள். அந்த மனிதர் அங்கேயும் கொதிகலனைப் பற்றி ஆரம்பித்தார், தலைவர் நிறுத்திவிட்டார். என் முறை வந்ததும், எதுவும் கேட்பதற்கு முன்னால், "என் வீட்டுக்காரர் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன, இரண்டையும் படியுங்கள்" என்று கொடுத்தேன். கிராண்டனின் வக்கீல் முதல் கடிதத்தை மட்டும் உரக்கப் படித்தார். தலைவர், "ரெண்டாவதையும் படிங்க" என்றார். வாயில் வேப்பங்காய் இருப்பது போலப் படித்தார்.

பிறகு மார்கிட். வீடு விற்றுவிட்டது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். யார் சொல்லச் சொன்னது, என்ன பயம் காட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கிராண்டன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து குத்தலாகக் கேட்டார்.

"மிஸஸ் டார்ப்ளி உங்களை என்ன சொல்லச் சொல்லி அழைச்சிட்டு வந்தாங்க?"

மார்கிட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், லெம்.

"ஒண்ணும் சொல்லச் சொல்லல. இந்த நாட்டுல நாலு வீட்டுல குடியிருந்துட்டேன். என்னை நெசம் பேச விட்ட வீட்டுக்காரங்க இவங்கதான்."

நான் அழவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

முடிவு இன்று தபாலில் வந்தது, என் கவுன்ட்டருக்கே வந்தது. கிராண்டனின் உரிமம் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம். என் கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள், வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள்.

கூடவே இன்னொரு உறையும் இருந்தது. அது நமக்கு. உன் கடிதத்துக்காகக் கண்டனம். இனி இப்படி எழுதினால் நடவடிக்கை எடுக்கப்படும், வீடு வைத்திருப்பவர்களின் கடமைகளை நினைவில் கொள்ளவும் என்று ஒரு பக்கம் முழுக்கக் காய்ச்சியிருக்கிறார்கள். சரியாகத்தான் காய்ச்சியிருக்கிறார்கள், ஒரு வார்த்தையும் அதிகமில்லை. நீ வந்ததும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுவேன்.

ஆனால் அதன் முதல் வரியை மட்டும் இப்போதே எழுதுகிறேன், ஏரி உறையும்வரை உன்னால் பொறுக்க முடியாது. இந்த அரசாங்கம் இதுவரை நமக்கு எத்தனையோ கடிதம் அனுப்பியிருக்கிறது, எல்லாம் "குடியிருப்பவருக்கு" என்றுதான் வந்தன. இது இப்படித் தொடங்குகிறது: "வீட்டு உரிமையாளர்கள் திருமதி வெர்டெல் டார்ப்ளி, திரு. லெமுவல் டார்ப்ளி அவர்களுக்கு."

திட்டு வாங்கிய கடிதம்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு நடுக்கூடத்தில் மாட்டப்போகிறேன்.

வெர்டெல்